ரெட் ஹுக்கில் இறங்கும் முன்: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு குயின் மேரி 2 கப்பலில் ஏழு இரவுகள். இறங்குவது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் ரெட் ஹுக் துறைமுகத்தில். எட்டாம் நாள் காலையில் இறங்கத்தானே போகிறோம் என்று நிதானமாக இருந்துவிடாதீர்கள். இறங்கும் வேலை ஏழாம் நாள் மதியமே ஆரம்பித்துவிடும். அதை அன்று இரவே முடித்துவிட்டால், விடியற்காலை முழுக்க உங்களுடையது.

அறைக்கு நிறச் சீட்டுகளும் இறங்கும் நேரமும் வரும். பெரிய பெட்டிகளில் சீட்டைக் கட்டி இரவு அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பிறகு அவற்றைத் துறைமுகக் கொட்டகையில்தான் பார்ப்பீர்கள். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், பாஸ்போர்ட், மறுநாள் உடுத்த வேண்டிய புடவை, செருப்பு எல்லாம் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். இரவு உடையோடு வரவேற்பு மேசைக்குப் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. எல்லாப் பெட்டியும் கறுப்பாகத்தான் இருக்கும், கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிடுங்கள். பெட்டிகளைத் தானே இழுக்க முடிந்தவர்கள் வெளியே வைக்காமல் முதல் ஆளாக இறங்கலாம். உங்கள் முழங்காலுக்கு அது வேண்டாம்.

கப்பல் கடையில் மது பாட்டில் வாங்கினால் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். அடுத்து விமானம் ஏறுபவர் 100 மில்லிக்கு மேல் திரவத்தைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. வரியின்றி அமெரிக்காவுக்குள் கொண்டுபோக ஆளுக்கு ஒரு லிட்டர்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம். காலை உணவு மேசையில் எடுத்த ஆப்பிளைப் பையில் போடாதீர்கள். பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்தச் செடியிலும் வளரும் என்பதால் தடை. பொடி, ஊறுகாய் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பிடிபட்டால்தான் அபராதம்.

கணக்குச் சீட்டை முந்தைய மாலையே பாருங்கள். தினப்படி சேவைக் கட்டணம் தானாக ஏறியிருக்கும். குடிக்காத காபிக்குப் பணம் போட்டிருந்தால் அன்றே கேளுங்கள், காலையில் வரிசை நீளும். ஃபாரெக்ஸ் கார்டு (முன்பே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) கொடுத்திருந்தால், கப்பல் அதில் நிறுத்திவைத்த தொகை திரும்பி வரச் சில நாள் ஆகலாம். அதை நம்பி டாக்சிக்குப் பணம் வைக்காதீர்கள்.

மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரம் தலா ஒரு மணி நேரம் பின்னால் தள்ளப்படும். போன் குழம்பிப் போகும், அறைத் தொலைபேசியில் எழுப்பச் சொல்லி வையுங்கள். நியூயார்க் துறைமுக வாசலில் இருக்கும் வெரசானோ பாலத்தைக் கப்பல் கடப்பது பெரும்பாலும் விடியுமுன், 4:30-5 மணி வாக்கில். 11-ஆம் தளத்தின் முன்பக்கத் திறந்தவெளிதான் நல்ல இடம். காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாலத்துக்காகவே கப்பலின் புகைபோக்கியைக் குட்டையாக வடிவமைத்தார்கள். அப்படியும் கீழிருந்து பார்த்தால் இடித்துவிடும் போலத்தான் இருக்கும். பாலம் தாண்டியதும் இடப்பக்கம் வந்துவிடுங்கள், சுதந்திர தேவி சிலை அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் புரூக்ளின்.

ரெட் ஹுக்கில் கட்டியபின் அவசரப்பட வேண்டாம். அமெரிக்க அதிகாரிகள் கொட்டகையில் கைரேகையும் படமும் எடுப்பார்கள். வெளிநாட்டவர் வரிசைதான் மெதுவாக நகரும். அதனால் அன்றே விமானம் என்றால் பிற்பகலுக்குப் பிறகானதாகப் பாருங்கள், அதுவும் ஜே.எஃப்.கே.யிலிருந்து. நெவார்க் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நெரிசலில் நேரம் சொல்ல முடியாது. பக்கத்தில் சுரங்க ரயில் நிலையம் கிடையாது. பெட்டி குறைவாக இருந்தால் துறைமுகத்தை ஒட்டியே நியூயார்க் ஃபெர்ரி படகு நிற்கும், மன்ஹாட்டனுக்கு அதுவே சுகம். பெட்டி அதிகம் என்றால் டாக்சி வரிசையில் நில்லுங்கள், வெளியே வந்து கூப்பிடுகிற ஆட்களோடு போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்