கும்மிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், வாத்தியார் ஐயாவுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், சலங்கையைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மிணிகளுக்கும் செயலாளரின் வணக்கமுங்க.

முதலில் ஒரு கடனைச் சொல்லிவிடுகிறேன். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் ஐயாவை, அவர் ஊரான தாசம்பாளையத்துக்கு வேன் வைத்து ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று போன பொதுக்குழுவில் இதே மைக்கில் சொன்னேன். தாசம்பாளையம் ஒன்றும் காசி ராமேசுவரம் இல்லை. காரமடைக்குப் பக்கம், நாம் வருஷா வருஷம் மாசித் தேருக்குப் போகிற திக்குதான். இருந்தும் போகவில்லை. ஒருமுறை வேன் கிடைக்கவில்லை, அப்புறம் தைப்பூசம், அப்புறம் அடுத்தடுத்து முகூர்த்தம். குற்றம் என்னுடையது. போய்ப் பார்க்காவிட்டாலும் அவரைப் பற்றிப் பேசவாவது செய்வோம் என்று மாசிக் கடைசியில் மாரியம்மன் கோயில் திடலில் ஒரு மாலை கூடினோம்.

2024 ஜனவரியில் பத்மஸ்ரீ பட்டியலில் அவர் பெயர் வந்தபோது அவருக்கு வயது 87. அன்றைக்கு டீக்கடையில் "ஏனுங்க, கும்மிக்குக்கூட பத்மஸ்ரீ குடுப்பாங்களா?" என்று கேட்டவர்களில் இரண்டு பேர் இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள். வள்ளி ஒயில் கும்மியைப் பாடியும் கற்றுக்கொடுத்தும் வாழ்ந்தவர் அவர். முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையோடு நிற்காமல் நாட்டு வரலாற்றையும் சமூகச் சங்கதிகளையும் கும்மியில் ஏற்றினார். ஆனால் நம் சங்கத்துக்கு அவர் நெருக்கமாவது வேறொன்றால். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வட்டத்துக்குள் பெண்களைக் கூட்டிவந்து பயிற்சி கொடுத்தார்.

கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "எங்க காலத்துல பொம்பளைங்க திண்ணையில உக்காந்து பாத்துட்டு இருந்தாங்க, அதுல என்ன கொறைஞ்சு போச்சு?" என்றார். பின்னாலிருந்து ஓர் ஆத்தா, "பாத்துட்டு இருக்கலீங்க சாமி, முந்தானைக்குள்ள கைய வெச்சுத் தாளம் போட்டுட்டு இருந்தோம்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். நம் வட்டத்தில் இப்போது ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். ஆடுவது அவர்கள், ஆனால் பாட்டு மட்டும் வாத்தியார் கையில். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, பழக்கம் அப்படி. பங்குனி உத்திரத்தன்று அது மாறியது. வள்ளி கல்யாணம் ஆடிக்கொண்டிருந்தோம். தினைப்புனத்தில் வேடன் வந்து போய், முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிற இடத்தில் வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி குடித்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது. ஜமாப் மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற நம் பெண் ஒருத்தி வரிசையிலிருந்து வெளியே வந்து மைக்கை வாங்கி, விட்ட அடியிலிருந்து எடுத்தாள்.

முதல் இரண்டு சுற்று தடுமாற்றம்தான். வாத்தியாரின் சுருதிக்குப் பழகிய கால்களுக்கு அந்த உச்சக் குரல் புதுசு. ஜமாப்காரர் அவள் வாயைப் பார்த்தே வேகத்தைக் குறைத்தார். கிழவனுக்கு விக்கல் எடுக்கிற அடியில் அவள் நிஜமாகவே விக்கிப் பாட, சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். யானை வந்து வள்ளி பயந்து ஓடும்போது எல்லாக் கால்களும் ஒன்றாக விழுந்தன. வாத்தியார் ஓரத்தில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். மங்களம் வரைக்கும் அவள்தான் பாடினாள்.

மறுநாள் காலையில் வாத்தியார் அவள் வீட்டுக்கே போய்த் தன் பாட்டு நோட்டைக் கொடுத்தார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோடு போட்ட பழைய நீள நோட்டு, அட்டை போய் காலண்டர் தாளால் தைத்தது. ஒவ்வொரு அடிக்குப் பக்கத்திலும் சின்ன வட்டங்கள் இருக்கும், எத்தனை வட்டமோ அத்தனை காலடி. திரும்புகிற இடத்தில் கொக்கி மாதிரி ஒரு கோடு. ஒருமுறை மழையில் நனைந்ததில் வள்ளி கல்யாணத்தில் நான்கு பக்கம் மை ஊறிப்போய்விட்டது. அந்தப் பக்கங்களை வாத்தியார் வாயால் சொல்லச் சொல்ல அவள் எழுதி வருகிறாள். முழு நோட்டையும் செல்போனில் படம் எடுத்தாயிற்று. அதை முன்பே செய்திருக்க வேண்டும், அதுவும் என் கணக்கில்தான்.

மற்றவை சுருக்கமாக. ஸ்பீக்கர் பெட்டி பழுது பார்த்தாயிற்று. புதுச் சேலை நிறத்தைப் பற்றிய தகராறு இன்னும் ஓயவில்லை, அதில் செயலாளர் தலையிடப் போவதில்லை. ஒரு கோயில் விழாக் குழு பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தது, தேங்காய் பழம் மட்டும் முழுசாக வந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

தாசம்பாளையத்துக்கு இந்த முறை வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். வருகிறவர்கள் இன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள். நோட்டை அவள் எடுத்து வருவாள், பிளாஸ்டிக் பையில் போட்டு.