முதலாம் தவணை நிறைவும் குழுச் செயற்பாடுகளும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அதிபர் அலுவலகம்,
மட்டக்களப்பு.

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். முதலாம் தவணை நல்லபடியாக முடிகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி மழை விட்ட கையோடு சிறப்பாக நடந்தேறியது. தரம் 1 பிள்ளைகள் அழுகையை மறந்து வகுப்புக்குப் பழகிவிட்டார்கள். சிரமதானத்துக்கு வந்தவர்கள் பாடசாலை வளவைத் துப்புரவாக்கித் தந்தீர்கள். தவணைப் பரீட்சைப் பெறுபேறுகளும் திருப்தியாகவே உள்ளன. தேர்ச்சி அறிக்கை விடுமுறைக்கு முன்னர் உங்கள் கைக்கு வரும்.

இனி, கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய ஒரு விடயம். வட்ஸ்அப்பிலும் கூகுள் டொக்ஸிலும் பிள்ளைகள் செய்யும் குழுச் செயற்பாடுகளைப் பற்றியது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்களும் எல்லோரையும் போலக் குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்பினோம். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான். 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோதும் அதே கதை. அந்தக் காலங்கள் போய்விட்டன, ஆனால் மாரி வருடாவருடம் வருகிறது. வீதியை மேவித் தண்ணீர் பாய்ந்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் பிள்ளைகள் நாட்கணக்கில் வர முடிவதில்லை. அந்த நாட்களிலும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிப் படிக்க வேண்டும் என்றுதான் எங்கள் ஆசிரியர்கள் உட்கார்ந்து இந்தச் செயற்பாடுகளை வடிவமைத்தார்கள்.

தரம் 8இன் வெள்ளச் செயற்பாட்டைச் சொல்கிறேன். ஒரு குழுவில் ஐந்து பேர். ஒருவர் வாய்முதல் அடிவரை ஒரே அகலமான ஒரு டின்னை முற்றத்தில் வைத்து, ஏழு நாள் மழையை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். ஒருவர் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஒருவர், வெள்ளம் கடலுக்கு வடிய வாவியின் முகத்துவாரத்தை வெட்டிவிட்ட காலங்களைப் பற்றி ஊரில் மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். மற்ற இருவருக்கும் வாவி மீன்பிடியும் பெரும்போக வயலும். எல்லாக் குழுக்களிலும் மழை அளந்தவர்கள் முதலில் தங்களுக்குள் கூடி அளவுகளை ஒப்பிடுவார்கள். மற்றப் பங்குக்காரரும் அப்படியே. பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி, அறிந்ததை மற்ற நால்வருக்கும் கற்பிப்பார்கள். டேட்டா செலவை எண்ணி ஸூம் வேண்டாம் என்று விட்டோம். குரல்பதிவு போதும், வசதிப்பட்ட நேரத்தில் கேட்கலாம்.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில், வெள்ளை இன, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் புதிதாகச் சேர்ந்து, ஒருவரோடொருவர் ஒட்டாமல் இருந்த நேரத்தில் எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டு இருக்கும். அந்தத் துண்டு இல்லாமல் மற்றவர்களின் படம் முழுமையாகாது.

எங்கள் ஆசிரியர்கள் செய்தது, இதை மீண்டும் மீண்டும் பாவிக்கக்கூடியதாக எழுதி வைத்தது. குழுவில் எத்தனை பேர், யாருக்கு எந்தப் பங்கு, எந்த நாளில் எது, ஒருவருக்கு சிக்னல் இல்லாவிட்டால் என்ன மாற்று, புள்ளி எப்படி, எல்லாம் அதில் உண்டு. கூடு மாறாது, உள்ளே வைப்பதுதான் மாறும். அதே கூட்டில் டெங்கை வைத்துத் தரம் 7 செய்தது, வரலாற்றை வைத்துத் தரம் 9 செய்தது. வெள்ளச் செயற்பாட்டிலும் அப்படித்தான், வருடாவருடம் மழை வேறு, கிணறு வேறு, விடையும் வேறு.

சரி, நடந்தது என்ன? இந்த வருடம் சில குழுக்களில் மழை அளவுகள் சென்ற வருடத் திகதியோடு வந்தன. அண்ணாமார், அக்காமார் செய்த ஒப்படைகள் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியிருக்கின்றன. கூகுள் டொக்ஸில் யார் எப்போது என்ன எழுதினார் என்பது பதிவாகும்; இரவு 11 மணிக்கு மூன்று பந்திகள் ஒரே நிமிடத்தில் வந்து ஒட்டியிருப்பது தெரிகிறது. ஒரு குரல்பதிவை நானே கேட்டேன். பிள்ளை ஒரு வசனம் சொல்லி நிறுத்துகிறாள். பின்னால் மெதுவாக ஒரு பெரியவர் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவள் அதைத் திருப்பிச் சொல்கிறாள். மற்றொரு பிள்ளையிடம் “எந்த டின்னில் மழை அளந்தாய், மகன்?” என்று ஆசிரியை கேட்டார். அவன் தலை குனிந்து நின்றான். அவனுடைய குழுவில் மற்ற நால்வரும் உண்மையாக உழைத்தவர்கள். பிழையான அளவை வைத்து அவர்களும் பிழையான முடிவுக்கு வந்தார்கள். எனக்கு மனம் நொந்தது அந்த நால்வரை நினைத்துத்தான்.

ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய ஒப்படைகளைக் குழுக்களில் பகிர்வது இன்றோடு நிற்க வேண்டும். இரண்டாம் தவணையிலிருந்து பிள்ளை தானாகச் செய்யாத பங்குக்குப் புள்ளி வழங்கப்படாது. இதில் விதிவிலக்குக் கேட்டு யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம்.

பிள்ளைக்குப் புள்ளி குறைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பெரும்பாலானவர்கள் இதைச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம். எழுத்துப்பிழையோடு வரட்டும், ஒரு நாள் பிந்தி வரட்டும், புள்ளி குறையாது. போன் இல்லாத பிள்ளை கொப்பியில் எழுதி, ஆசிரியரிடமோ கூட்டாளியிடமோ கொடுத்தால் போதும். நீங்கள் டின் தேடிக் கொடுங்கள், கிணற்றடியில் பக்கத்தில் நில்லுங்கள், பெரியப்பாவிடம் கேட்கக் கூட்டிக்கொண்டு போங்கள். அதெல்லாம் உதவிதான். அளப்பதும் சொல்வதும் பிள்ளையாக இருக்கட்டும்.

கடலுக்குப் போகும்போது போனைப் பிள்ளைக்காக வீட்டில் விட்டுப்போன தகப்பன்மார் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுத்த தாய்மார் இருக்கிறீர்கள். ஒரே போனை மூன்று பிள்ளைகளுக்கு நேரம் பிரித்துக் கொடுத்த அம்மம்மா ஒருவரும் இருக்கிறார். நீங்கள் இல்லாவிட்டால் மாரியில் இந்தப் பாடசாலை ஓடியிருக்காது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த தவணையின் முதல் பெற்றோர் கூட்டத்தில், தரம் 8இன் செயற்பாடொன்றை நீங்களே ஐந்து ஐந்து பேராகச் செய்து பார்க்க ஒழுங்கு செய்துள்ளோம். அரை மணி நேரம் போதும். கட்டாயம் வாருங்கள்.

அன்புடன்,
அதிபர்