‘முன்ன மாதிரி ஏறல’ என்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சா குறித்து நாளிதழ்களில் வருபவை பெரும்பாலும் பறிமுதல், கைது பற்றிய செய்திகளாகவோ, ‘உடனே விட்டுவிடுங்கள்’ என்ற ஒற்றை வரி அறிவுரையாகவோ முடிந்துவிடுகின்றன. அன்றாடம் புகைக்கும் ஒருவர் உண்மையில் எங்கே சிக்கிக்கொள்கிறார் என்பதை அவை தொடுவதே இல்லை. போதை மறுவாழ்வு ஆலோசகர் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் ‘முன்ன மாதிரி ஏறல’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மாலையில் மட்டும் என்றிருந்த பழக்கம் காலைக்கும் பரவி, பிறகு வீரியம் கூடிய சரக்கைத் தேடும் நிலைக்கு வந்திருப்பார்கள். சரக்கு மட்டம் என்று விற்றவரைக் குறை சொல்வார்கள். ஆனால் மாறியிருப்பது அவர்களுடைய மூளை. கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி, மூளையிலுள்ள சிபி1 என்ற ஏற்பிகளை, அதாவது அது போய் ஒட்டிச் செயல்படும் இடங்களை, தூண்டுகிறது. அந்தத் தூண்டல் நாள் தவறாமல் தொடர்ந்தால், மூளை அந்த ஏற்பிகளை மந்தப்படுத்துவதோடு அவற்றின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்கிறது. நாள்தோறும் புகைப்பவர்களின் மூளையின் வெளியடுக்கான புறணியில் இந்த ஏற்பிகள் சுமார் 20 விழுக்காடு குறைந்திருப்பதையும், ஏறக்குறைய 4 வாரம் நிறுத்திய பின் பெரும்பாலான பகுதிகளில் அவை மீண்டுவிடுவதையும் மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் முறையில் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அளவைக் கூட்டுவதால் மந்தம்தான் கூடும். சில வாரம் புகைக்காமல் இடைவெளி விட்டால்தான் குறையும்.

போதை மங்கிவிட்டதால் தீங்கும் மங்கிவிட்டது என்று நினைப்பது தவறு. புகையோடு நுரையீரலுக்குள் போகும் தார் என்ற பிசுக்குக்கு உடலில் எந்தத் தாங்குதிறனும் உருவாவதில்லை. மனச்சிதைவு நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கோ, இடைவெளி விட்டுத் தொடரலாம் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. அவர்கள் முழுவதுமாக நிறுத்துவதே நல்லது.

இடைவெளி விடுபவர்கள் தோற்பது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். மூன்றாம் நாள் இரவில் தலையணை உறை வியர்வையில் நனைந்துவிடும். சட்டையை மாற்றிக்கொண்டு படுத்தாலும் விடியும்வரை புரள வேண்டியிருக்கும். கண் அசந்தால் பதற வைக்கும் கனவுகள் வரும். சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. வீட்டில் யாராவது ஒரு வார்த்தை கேட்டால் எரிந்து விழுவார்கள். ‘அது இல்லாமல் இவனால் இருக்க முடியாது’ என்று வீட்டாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது 2013 முதல் டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றுள்ள, பழகிய போதையை நிறுத்தும்போது வரும் விலகல் நிலை என்பதும், ஓரிரு நாளில் தொடங்கி முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, தூக்கக் குறைவு நீங்கலாக மற்றவை இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த ஏழெட்டு இரவுகளைக் கடக்கப் பலருக்குத் துணிவு வந்திருக்கும். புகையிலை கலந்து புகைப்பவர்கள் நிகோடினையும் சேர்த்தே விடுகிறார்கள் என்பதால் அவர்களுக்குப் பாடு கூடுதல்; நிகோடினுக்கு மருத்துவரின் உதவியைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நாள் முழுவதும் புகைப்பவர்கள் அன்றைய முதல் புகையைத் தள்ளிப்போட்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்து நிறுத்துவது எளிது.

இடைவெளிக்குப் பிறகு பழைய அளவுக்கே திரும்புவது ஆபத்தானது. உடல் இப்போது பழைய உடல் அல்ல; அதே அளவு நெஞ்சுப் படபடப்பையும் கடும் பீதியையும் வாந்தியையும் உண்டாக்கலாம். உண்ணும் வகையில் இது இன்னும் மோசம். அது வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் 2 மணி நேரம்வரை ஆகும் என்பதால், ஏறவில்லை என்று நினைத்து இன்னொரு பங்கைச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

நீண்ட காலம் பயன்படுத்துபவர்களில் சிலருக்கு அடங்காத வாந்தி வரும். சுடுநீரில் குளித்தால் மட்டும் சற்றுத் தணியும். கஞ்சா வாந்தியை நிறுத்தும் என்று கேள்விப்பட்டு அவர்கள் மேலும் புகைத்து நிலைமையை முற்றவிடுகிறார்கள். இதற்குத் தீர்வு கஞ்சாவை அறவே நிறுத்துவதுதான். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

போதையைத் திரும்பப் பெறுவதற்காகவே விடும் இடைவெளி சில வாரங்களிலேயே பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது என்பது என் அனுபவம். அந்த 4 வாரத்தில் தூக்கமும் வேலையும் உறவுகளும் எப்படி மாறின என்று எழுதி வைத்துக்கொண்டவர்கள், அதற்குப்பின் எடுக்கும் முடிவு பெரும்பாலும் வேறாக இருக்கிறது. பலமுறை முயன்றும் இடைவெளியை முடிக்க முடியாதவர்களுக்கு உளவியல் ஆலோசனை பலன் தருகிறது. அதை நாடுவது பலவீனம் அல்ல.

கைது செய்திகளுக்குப் பக்கத்திலேயே, முதல் வாரத்தில் உடலும் மனமும் படும் பாட்டையும் எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு விளக்கமாக எழுதச் செய்து, தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போதை மறுவாழ்வு ஆலோசகர் ஒருவர்