ஓபன் குன்றின் கல்வட்டம்

அன்பு செல்விக்கு,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. உன் அப்பா போன செய்தி வந்தபோது ரெண்டு வரி அனுப்பியதோடு சரி. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. திட்டு, ஆனால் இதை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. அம்மா சௌக்கியமா? சரோ டீச்சர் இன்னும் அந்தக் குடையோடுதான் வருகிறார்களா?

போன வாரம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்ற ஊருக்குப் போயிருந்தோம். தீவுகளுக்குக் கப்பல் கிளம்பும் சின்னத் துறைமுகம். துறையில் நின்று நிமிர்ந்தால், ஊருக்கு மேலே குன்றில் ரோமாபுரிக் கொலோசியம் மாதிரி ஒரு வட்டச் சுவர். பொனாவ் என்ற ஊரின் கருங்கல், ரெண்டு அடுக்காக 94 கூர்வளைவுகள். மூச்சு வாங்க ஏறி உள்ளே நுழைந்தால் கூரையும் இல்லை, அறையும் இல்லை. வெறும் தோட்டம். வளைவுகளுக்கு அந்தப் பக்கம் கடலும் கெரேரா தீவும். அப்பா வந்திருந்தால் முதலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்திருப்பார்.

கட்டியவர் ஜான் ஸ்டூவர்ட் மெக்கேக், வங்கிக்காரர். விக்டோரியா ராணி காலத்தின் கடைசியில், 1897-இல் தொடங்கினார். நடுவில் கோபுரம், அருங்காட்சியகம், ஓவியக்கூடம், குடும்பத்தாருக்குச் சிலைகள் என்று பெரிய ஆசை. 1902-இல் அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது. சிலைகளுக்கு உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். கூடப்பிறந்த கேத்தரின் அதை எதிர்த்து வழக்காடி 1907-இல் ஜெயித்தார். அப்புறம் பார், அதே கேத்தரின் தன் உயிலில் அங்கே வெண்கலச் சிலைகள் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்! 1915-இல் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. யாருக்கும் பயனில்லாத செலவாம்.

இப்படி ஆசைக்குக் கட்டியதை இங்கே ‘ஃபாலி’ என்கிறார்கள், அதாவது மடத்தனம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை, செல்வி. குளிர்காலத்தில் வேலையில்லாமல் கிடந்த ஊர்க் கல்தச்சர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றும்தான் மெக்கேக் இதைத் தொடங்கினார். அதைப் படித்ததும் உங்கள் வீட்டுத் திண்ணைதான் கண்ணில் வந்தது. கார்த்திகை அடைமழையில் அப்பா துடைத்த கரணையையே திரும்பத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாரே. அம்மா ஒரு முட்டையை நூலால் அறுத்து நம் ரெண்டு பேருக்கும் தருவார். அந்த மாதங்களில் யாராவது அவரைக் கூப்பிட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு சுவரைக் கட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?

அங்கே உட்கார்ந்து அழுதேன். உனக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

தையில் வருகிறேன். அப்பாவின் கரணையை யாருக்கும் கொடுத்துவிடாதே, நான் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்கணும்.

உன்
மீனா