மாணவர் பக்கத் தலைப்புக்கு வேறு எழுத்து போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத் தலைப்பைப் பற்றி எழுதுகிறேன். போன வாரம் 'எண்ணும் வண்ணமும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி அதை 'என்னும் வன்னமும்' என்று வாசித்தாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. செய்திக்குப் போடும் எழுத்தையே பெரிதாக்கி, சுற்றிலும் கோடு ஏற்றித் தடியாக்கியிருக்கிறார்கள். 'ண'வின் சுழிகள் எல்லாம் மையால் அடைத்துக் கிடந்தன.

இந்தத் தைப்பூசத்தில் எங்களுக்கும் இதேதான் நடந்தது. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பந்தல் போட்டு, பேனர் அடிக்கக் கொடுத்தோம். வந்த பேனரில் 'தண்ணீர்ப் பந்தல்' என்பதில் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, 'ண்' எது 'ணீ' எது என்றே தெரியவில்லை. தாகத்தோடு நடந்து வருகிறவர் தூரத்திலேயே படிக்க வேண்டிய சொல் அது!

அப்புறம் 'பலூ தம்பி' என்ற எழுத்துருவில் மாற்றி அடிக்கச் சொன்னேன். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியது. தடித்த, முனை உருண்ட, கொழுகொழுவென்று குழந்தை மாதிரி இருக்கும் எழுத்து. மற்ற இந்திய மொழிகளுக்கும் இதன் உடன்பிறப்புகள் உண்டு: மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. பெயரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. திறந்த உரிமத்தில் வெளியானது என்பதால் பத்திரிகையும் காசு கட்டாமல் பயன்படுத்தலாம்.

தடியாகவே வரைந்த எழுத்துக்கும் தடியாக்கிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் சுழியில்தான் தெரியும். வரைகிறவர் வெளிப்பக்கம் கோட்டைக் கனமாக விட்டு, சுழிக்குள் நுழையும் இடத்தில் இளைக்க வைப்பார். புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்குவார். என் மாமா ஜோர்ஜ்டவுனில் கடைகளுக்குத் தூரிகையால் போர்டு எழுதியவர். 'ண' எழுதி முடித்ததும் நாலு அடி பின்னால் போய், சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். தெரியாவிட்டால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். கணினியில் பொத்தானை அழுத்தித் தடியாக்கும்போது இந்தப் பார்வை இல்லாமல் போகிறது.

தமிழ் எழுத்து ஏற்கெனவே வளைந்து சுழிந்து வருவது. உருண்டை எழுத்து அதற்கு ஒட்டவைத்த வேஷமாகத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்குப் பார்த்த உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தலைப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் போட்டால் கண் வலிக்கும். நினைவஞ்சலிப் பக்கத்துக்கு ஆகவே ஆகாது.

அடுத்த ஞாயிறு மாணவர் பக்கத் தலைப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். பேத்தியிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு