1 சென்டிமீட்டரில் 500 மீட்டர் போதாது: நிலவியல் வரைபட நிதி குறித்து ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் சுரங்க அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு அரசின் இயற்கை வளங்கள் துறைக்கும்,

வணக்கம்.

இந்தியாவை 1:50,000 அளவில் நிலவியல் வரைபடமாக்கும் பணி அநேகமாக முடிந்துவிட்டது. 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பெரும் உழைப்பு அது. ‘வரைபடம்தான் இருக்கிறதே, இன்னும் எதற்கு நிதி?’ என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

அந்தத் தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய பாறையைக் கிழித்துக்கொண்டு சுவர்போல ஏறி நிற்கும் டோலரைட் டைக்குகளை, அதாவது பாறைக் குழம்பு இறுகிய கரும்பாறைச் சுவர்களைப் பாருங்கள். 20 மீட்டர் அகலமுள்ள டைக் தாளில் 0.4 மி.மீ. மட்டுமே. வெடிப்பு விடாத டைக் நிலத்தடி நீரை அணைபோல மறிக்கும். மேட்டுப் பக்கம் போர் போட்டவருக்குத் தண்ணீர் கிடைக்கும். டைக்கைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் போட்டவருக்குப் புழுதிதான் பறக்கும். டைக் நொறுங்கிப் பிளந்திருந்தாலோ நிலைமை தலைகீழ்: அதுவே நீரைக் கடத்தும். செயற்கைக்கோள் படம் கோட்டைக் காட்டும், அதன் தன்மையைக் காட்டாது. நடந்துபோய், சுத்தியலால் உடைத்து, பக்கத்துக் கிணற்றுச் சுவரில் வெடிப்புகளை எண்ணித்தான் சொல்ல முடியும். தமிழ்நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படிப்பட்ட கடினப் பாறை.

நீலகிரியில் சிக்கல் வேறு. வரைபடத்தில் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற கடினப் பாறையாக ஒரே நிறம். மழையில் சரிவது அந்தப் பாறையன்று. அதன்மேல் சிதைந்து கிடக்கும் மண். 2009 நவம்பர் மழையில் அங்கே சரிந்ததும், உயிர்களைக் கொண்டுபோனதும் அதுதான். சாலை வெட்டு, ஓடைக்கரை, கட்டட அடித்தளக் குழி என்று மண் வெட்டிய இடங்களிலெல்லாம் அதன் தடிமனை அளந்து, தனி அடுக்காக வரைய வேண்டும். அதற்குக் குறைந்தது 1:25,000 வேண்டும்.

அந்த அளவில் ஒரு தாளுக்கு என்ன வேலை என்பதையும் கணக்கிட்டுச் சொல்கிறோம். நம் அட்சரேகையில் ஒரு தாள் ஏறத்தாழ 190 சதுர கி.மீ. 500 மீட்டருக்கு ஒரு நடைக்கோடு என்றால் 28 கோடுகள், மொத்தம் 380 கி.மீ.க்கு மேல் நடை. பாறை கண்ட இடமெல்லாம் நின்று சாய்வும் திசையும் அளந்து போனால் நாளுக்கு 6 கி.மீ. நடப்பதே பெரிது. ஆக இருவர் அணிக்கு 64 புல நாட்கள். புரியாத எல்லைகளை மறுபடி போய்ப் பார்க்க இன்னும் 20. சேலம் கஞ்சமலை போன்ற மாக்னடைட் (காந்த இரும்புக் கனிமம்) பாறைகளில் காம்பஸ் முள்ளை நம்பவே முடியாது; பாறை ஓடும் போக்கில் இரண்டு குறிகள் வைத்து, இரண்டுக்கும் ஜிபிஎஸ் எடுத்துத்தான் திசை காண வேண்டும். அங்கே நாள் கணக்கு இன்னும் நீளும்.

பிறகு ஆய்வகம். ஒரு தாளுக்கு நுண்ணோக்கியில் பார்க்க 80 மெல்லிய பாறைத் துண்டுகளாவது வேண்டும் என்பது எங்கள் மதிப்பீடு. ஒவ்வொன்றையும் 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். சரியாகத் தேய்த்தால் நுண்ணோக்கியின் குறுக்கிட்ட துருவ ஒளியில் குவார்ட்ஸ் சாம்பல் நிறமாகத் தெரியும். மஞ்சள் தட்டினால் துண்டு இன்னும் தடிமன், மற்றக் கனிமங்களின் நிறமும் பொய் சொல்லும். தேய்ப்பவர் இல்லாத ஆய்வகத்துக்கு நுண்ணோக்கி வாங்கித் தருவதில் பயன் இல்லை. கருவிக்கு ஒதுக்குவதுபோல அந்தக் கைகளுக்கும் ஒதுக்குங்கள்.

நிதி வரும் முறைதான் எங்கள் பெரிய குறை. புலப்பணிப் பருவம் வழக்கமாக அக்டோபரில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் வரை ஓடையில் இறங்க முடியாது, வெட்டுச் சுவர்கள் சேறாகிக் கிடக்கும். ஜனவரியில் நடை தொடங்கினால் மார்ச் 31-க்குள் மாதிரிகள் ஆய்வகம்கூடப் போய்ச் சேராது. செலவாகாத பணம் காலாவதி. இந்த அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது மறு சரிபார்ப்பு. வரைபடத்தில் பிழை நிலைத்துப்போவதும் அங்கேதான்.

2015-இல் உருவான தேசியக் கனிம ஆய்வு அறக்கட்டளைக்குச் சுரங்க உரிமத்தொகையில் ஒரு பங்கு (முதலில் 2%, 2025 சட்டத் திருத்தத்துக்குப் பின் 3%) போகிறது. கனிமம் தேட அது சரியான வழி. கிணறு வெட்டும் நிலத்துக்கும் சரியும் மலைக்கும் அந்தக் கதவு திறக்காது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 1960 முதல் 1978 வரை தன் நிலம் முழுவதையும் 1:24,000 அளவில் 707 தாள்களாக வரைந்தது. செலவைப்போலக் குறைந்தது 25 முதல் 39 மடங்கு பலன் கிடைத்ததாக 2000-இல் வந்த பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. வரைபடத்தைப் பயன்படுத்தியவர்களையே கேட்டுப் போட்ட கணக்கு அது. 1992-இல் அந்த நாடு இதற்கென்றே சட்டம் இயற்றியது. மாநிலங்களுக்குத் தரும் பங்கில் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும்.

அதே பாதிக்குப் பாதி முறையைக் கேட்கிறோம். நிதியை ஆண்டுக்கு அன்றித் தாளுக்கு ஒதுக்குங்கள். ஒரு தாளுக்கு மூன்று ஆண்டுகள், இடையில் காலாவதி ஆகாமல். தமிழ்நாட்டுக்குப் புலப்பருவம் ஜனவரியில் தொடங்கட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளும் தருமபுரியின் டைக் பகுதிகளும் முதல் தாள்களாக இருக்கட்டும். நடைக்கோடுகள், அளவீடுகள், மாதிரி எண்கள், துண்டுகளின் படங்கள் அனைத்தும் 2023-இல் தொடங்கிய தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் ஏறிய பிறகே கடைசித் தவணையை விடுவியுங்கள்.

இப்படிக்கு,
கடினப் பாறைப் பகுதிகளில் வரைபடப் பணி செய்யும் நிலவியலாளர்கள்