லென்ட் லத்தீன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலத்தின் ஆங்கிலப் பெயரான 'லென்ட்' நாற்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததென எழுதியிருந்தீர்கள். அது பிழை. நாற்பதைக் கொண்ட லத்தீன் பெயர் 'குவாட்ராகெஸிமா'. போர்த்துக்கேயரின் 'குவாரெஸ்மா' அதன் பிள்ளை. (அவர்களிடமிருந்து கிறிஸ்மஸுக்கு 'நத்தார்' என்ற சொல்லை வாங்கிக்கொண்ட நாங்கள் இதை ஏனோ வாங்கவில்லை.) லென்ட், பழைய ஆங்கிலத்தின் 'லெங்க்டன்'. வசந்தகாலம் என்று பொருள். பகல் நீளும் காலம் என்பதால் 'லாங்' என்ற சொல்லுக்கு உறவு. ஒல்லாந்தில் இன்றைக்கும் வசந்தத்துக்குப் பெயர் 'லென்டெ'தான்.

என்னிடம் ரியூசனுக்கு வரும் பெடியனுக்கு இதைச் சொன்னேன். "வசந்தம் எண்டா எங்களுக்கு எப்ப ரீச்சர்?" என்று கேட்டான். என்ன சொல்வது? ஒட்டுசுட்டானில் தவக்கால நாட்களில் அரிவுவெட்டு முடிந்து வயல் ஒட்டோடு கிடக்கும், வெயில் ஏறும். லண்டனில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணித்தியால வித்தியாசம். இங்கே ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். பகல் நீளுவதை வைத்து ஒரு காலத்துக்குப் பெயரிட வன்னியில் யாருக்கும் தோன்றியிராது.

எங்கள் வீட்டில் அது தபசுகாலம். அம்மம்மா விபூதிப் புதனன்று குசினிச் சுவரில் கரியால் முதல் கோடு போடுவா. ஒருசந்தி இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு, ஞாயிறுக்கு இல்லை. பெரிய சனியன்று எண்ணினால் சரியாக 40. குவாட்ராகெஸிமா அவவின் சுவரில் இருந்தது, லென்ட் இல்லை.

ஈஸ்டரும் இப்படித்தான். 8ஆம் நூற்றாண்டில் பீட் என்ற ஆங்கிலத் துறவி, ஈயோஸ்ட்ரே என்ற பழைய தேவதையின் பெயரிலமைந்த மாதத்திலிருந்து அது வந்ததாக எழுதினார். அவரை விட்டால் அந்தத் தேவதைக்கு வேறு பழைய சாட்சி இல்லை. ஆகவே அதை முடிந்த முடிவாக அச்சிடவேண்டாம். பெரிய வியாழனின் ஆங்கிலப் பெயரான 'மோண்டி தேர்ஸ்டே'யில் வரும் 'மோண்டி' மட்டும் உண்மையாகவே லத்தீன்: கட்டளை என்று பொருள்படும் 'மண்டாட்டும்'. என் பெடியன் அதைக் கொப்பியில் 'மண்டே தேர்ஸ்டே' என்று எழுதி வைத்திருக்கிறான், திங்கள் வியாழன்!

திருத்தமொன்று போடுங்கள். உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டியிருக்கிறான். நான் சொல்வதை நம்புகிறானில்லை. "பேப்பரில அப்பிடிப் போடேல்லையே ரீச்சர்" என்கிறான்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.